வாசல் பல்பு

கரடியூரில் முதலிடம் சசிகலாவுக்கு என்று மேலதிகாரி ஷெர்வின் போனில் சொன்னார். ஜெஸ்லின் ஏற்காட்டில் கரடியூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

“நீங்க மாதிரிக்கு எடுத்த வீடேதான் ஜெயிச்சிருக்கு. நான் எதிர்பார்க்கலை” என்றார். “பேனருக்கு அந்தம்மா போட்டோ வேணும். சிரிச்ச மாதிரி எடுத்து அனுப்புங்க.”

“சரிங்க சார்.”

“விழாவைக் கரடியூர்லயே வெச்சுக்கலாம். மைக்குல அவங்க ரெண்டு வார்த்தை பேசணும். எப்படி மிச்சம் பிடிச்சாங்கன்னு. நிதி தர்றவங்க வர்றாங்க. அவங்களுக்கு அதுதான் வேணும்.”

பஸ் வந்தது. ஜெஸ்லின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நல்ல செய்தியோடு ஓர் ஊருக்குப் போவது அவளுக்கு அந்த வருடத்தில் முதல் முறை.

‘சிக்கன வீடு’ சேலத்து அறக்கட்டளை ஒன்றின் திட்டம். மின் இணைப்பு உள்ள குடும்பங்களுக்கு மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்கச் சொல்லித்தர வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அதிகம் மிச்சம் பிடிக்கும் வீட்டுக்குப் பரிசு உண்டு. சேர்வராயன் மலையில் அந்த வேலைக்கு ஜெஸ்லினை எடுத்திருந்தார்கள். மலையில் பிறந்த பெண், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள், மலைக்காரர்களோடு பேசத் தெரியும் என்று ஷெர்வின் மேலிடத்தில் சொல்லியிருந்தார். அது பாதிதான் உண்மை. அவள் வளர்ந்தது ஏற்காடு ஏரிப் பக்கம், தெருவிளக்கு எரியும் சாலையில்.

கோடையில் அவள் ஊர் ஊராகப் போனாள். கொட்டச்சேடு, தலைச்சோலை, கரடியூர். கையில் ஒரு பலகை இருக்கும். அதில் ஒரு குண்டு பல்பு, ஓர் எல்.ஈ.டி. பல்பு, ஒரு சின்ன மீட்டர். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவாள். குண்டு பல்பு எரியும்போது மீட்டரின் சிவப்புப் புள்ளி அவசரமாகச் சிமிட்டும். மற்றதற்கு மெல்லச் சிமிட்டும். ஜனங்கள் அவளைக் கரண்டு டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

கரடியூர்க் கூட்டத்தில் தங்கம்மா என்ற பெண் எழுந்து வந்து குண்டு பல்பின் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினாள்.

“குளிருக்கு இது நல்லதுங்களே. உங்க பல்புல கையே காய மாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸ்லினும் சிரித்தாள். பிறகு பாடத்தைச் சொன்னாள். “நூறு வாட் குண்டு பல்பு ராத்திரி முழுக்க எரிஞ்சா ஒரு யூனிட். உங்க வாசல்ல எரியறது எல்லாம் அதுதான். விடிய விடிய யாருக்கு எரியுது?”

“காட்டுமாட்டுக்குங்க” என்றார் சின்னத்தம்பி. ஊரின் கேலிக்காரர்.

பலா பழுக்கிற காலத்தில் காட்டுமாடுகள் கீழே இறங்கும். கூட்டமாகவும் வரும், தனியாகவும் வரும். வெளிச்சம் இருக்கும் வாசலுக்குள் வருவதில்லை. அதனால் முதல் பலா வாசம் எழுந்ததும் ஊர் கூடிப் பேசிவைத்துக்கொள்ளும். கடைசிப் பழம் இறங்கும்வரை எந்த வாசலும் இருளக்கூடாது. ஒரு வாசல் இருண்டால் மாடு அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். மற்ற வாசல்கள் எரிந்தும் பயனில்லை.

இதையெல்லாம் அன்று அவர்கள் ஜெஸ்லினிடம் சொன்னார்கள். விளக்கமாகவே சொன்னார்கள்.

“மாட்டுக்கும் ஒரு பாடம் எடுங்க டீச்சர்” என்றார் சின்னத்தம்பி. “வாரப்ப டார்ச்சு லைட்டு கொண்டாரச் சொல்லுங்க.”

கூட்டம் அந்தச் சிரிப்போடு முடிந்தது. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த புது பல்பை வாங்கிப் போய் உள்ளே மாட்டினார்கள். வாசலில் குண்டு பல்பு அப்படியே இருந்தது. பனி மூடினால் மஞ்சள் வெளிச்சந்தான் எடுபடும் என்றார்கள்.

பரிசு மின்சாரக் காற்றாடி என்று தெரிந்ததும் மறுபடி ஒரு சிரிப்பு. “போர்த்திட்டுப் படுக்கற ஊர்ல காத்தாடிங்களா?” பரிசைச் சேலத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

ஆனால் சசிகலா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வந்து ஜெஸ்லினிடம் பேசியவள் அவள் மட்டும்தான். மீட்டர் எண்ணை எப்படிப் படிப்பது, நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து எப்படிக் கழிப்பது என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஜெஸ்லின் அவள் வீட்டையே மாதிரி வீடாக எடுத்துக்கொண்டாள். கதவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள். சசிகலா அதை விரலால் தேய்த்துத் தேய்த்து ஓரம் படிய வைத்தாள்.

இப்போது பஸ் இறங்கிப் போய்ப் பார்த்தால் அந்த ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. கதவில் வெள்ளைத் தாள் ஒட்டு மட்டும் திட்டுத்திட்டாக மிஞ்சியிருந்தது.

“உள்ள வாங்க டீச்சர்” என்றாள் சசிகலா.

“நீங்கதான் முதல் பரிசுக்கா.”

சசிகலா அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா?”

“உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“சொல்லாதீங்க.”

ஜெஸ்லின் சிரித்தாள். கூச்சம் என்று நினைத்தாள். “ஏனுங்கக்கா? போட்டோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. பேனர் அடிக்கறாங்க.”

“ஏனுங்க டீச்சர், நீங்க கேள்விப்படலையா? மாதேஷண்ணன மாடு முட்டுனது.”

கேள்விப்பட்டிருந்தாள். பக்கத்து வீட்டு மாதேஷ், தங்கம்மாவின் கணவர். ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியுமுன் பால் கேனை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் காட்டுமாடு நின்றிருந்திருக்கிறது. தொடையைக் கிழித்து இடுப்பை ஒடித்துவிட்டது. கொட்டச்சேட்டில் ஒரு வீட்டில் இதைச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் வாசல் பல்பு பியூஸ் போயிருந்ததாம் என்றும் சொன்னார்கள். பல்பு என்றதும் ஜெஸ்லின் வேறு பேச்சு எடுத்தாள். அதன் பிறகு கரடியூர்ப் பக்கம் அவள் வரவில்லை. மற்ற ஊர்களில் வேலை இருந்தது.

“பல்பு பியூஸ் போகலீங்க” என்றாள் சசிகலா.

அவள் நின்றபடியே சொன்னாள். பொழுது சாய்ந்ததும் மற்றவர்களைப் போலவே பல்பைப் போடுவாள். ஊர் தூங்கியதும் அணைப்பாள். விடியுமுன் எழுந்து மறுபடி போடுவாள். யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் சேர்ந்து மீட்டர்களைப் பார்த்துக் கேலி பேசிக்கொள்வார்கள். சசிகலாவின் எண் எல்லோரையும் விட மெதுவாக நகர்ந்தது. எப்படி என்று கேட்டார்கள். டி.வி.யை நிறுத்திவிட்டேன் என்றாள்.

“அன்னிக்கு நான் எந்திரிக்கறதுக்கு முந்தி அண்ணன் எந்திரிச்சுட்டாரு. சத்தங்கேட்டு ஓடிவந்தேன். ஊரே ஓடியாந்துச்சு. என்ற வாசல் இருட்டாக் கெடக்குது. என்னடி இதுன்னு ஆரோ கேட்டாங்க. பியூஸ் போச்சுன்னுட்டேன்.”

“நம்பினாங்களா?”

“வெறகுக்கூட்டுல பழைய பல்பு ஒண்ணு கெடந்துச்சு. கருத்துப்போனது. விடியறதுக்குள்ள அதை மாட்டிட்டேன். காலைல கழட்டிக் காட்டுனேன். நீ என்ன பண்ணுவ கண்ணு, அழுவாதன்னாங்க.”

அவள் அழவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போய்க் கரண்டியால் ஒரு முறை கிண்டிவிட்டு வந்தாள்.

“தெனமும் அவியளுக்குச் சோறு கொண்டுபோறேன். தங்கம்மாக்கா வாங்கிக்கறாங்க.”

“உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரியும். அன்னியில இருந்து அவரு எங்கிட்டப் பேசறதில்லீங்க.”

ஜெஸ்லின் கையில் போன் இருந்தது. அதைப் பைக்குள் வைத்தாள்.

“நீங்க மேடையேத்தி என்ற பேரச் சொன்னா எப்படி மிச்சமாச்சுன்னு கேப்பீங்க. ஒரு பல்பு ஒரு ராத்திரிக்கு ஒரு யூனிட்டு. நீங்க சொல்லிக் குடுத்தது இந்த ஊர்ல கொழந்தைக்குக்கூடத் தெரியும். கணக்குப் போட்டுருவாங்க. அப்பறம் இந்த ஊர்ல நான் எப்படி இருப்பேன்?” சசிகலா முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். “நீங்க சொன்னீங்கன்னு நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க டீச்சர்.”

ஜெஸ்லினுக்குத் தான் சொன்ன வாக்கியம் நினைவிருந்தது. இதே அறையில், இதே இடத்தில் நின்று சொன்னாள். எல்லா ஊட்லயும்தான் எரியுதே, உங்க ஊட்ல ஒண்ணு அணைஞ்சா என்ன ஆயிரப்போகுது?

வெளியே வந்து, காப்பிச் செடிகள் ஓரமாக நின்று ஷெர்வினுக்குப் போன் செய்தாள்.

“சார், சசிகலாக்கா வேண்டாங்கறாங்க.”

“ஏன்?”

சொல்லியிருக்கலாம். “கூச்சப்படறாங்க” என்றாள்.

“என்ன ஜெஸ்லின், நீங்க பேசிச் சரி பண்ண வேண்டாமா? உங்களை எதுக்கு வெச்சிருக்கு?”

“கேட்டுப் பார்த்தேன் சார். முடியாதுன்னுட்டாங்க.”

அவர் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. “சரி. ரெண்டாவது தங்கம்மான்னு ஒருத்தங்க. கிட்டத்தட்ட அதே அளவு மிச்சம். அவங்களைப் பாருங்க. அவங்களும் கூச்சப்பட்டா நான் வந்து பேசறேன்.”

மாதேஷ் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்றரை மாதமும் தங்கம்மா வீடு பூட்டிக் கிடந்தது. மிச்சமாகாமல் என்ன செய்யும்? ஜெஸ்லின் அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மூன்றாவது வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஏன் பூட்டிக் கிடந்தது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி சசிகலா வாசலில் போய் நிற்கும். அங்கிருந்து தன் வாசலுக்கு வரும்.

“சரிங்க சார்” என்றாள்.

மாதேஷ் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மிளகு பறிப்பவர். ஒற்றை மூங்கில் ஏணியில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை ஏறுவார். இனி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வாங்க கரண்டு டீச்சர்” என்றார். “என்ற இடுப்புலயும் கம்பி இழுத்துட்டாங்க. மீட்டர் ஒண்ணு மாட்டிட்டுப் போயிருங்க.”

“எப்படிங்கண்ணா இருக்கு?”

“மாடு எப்படி இருக்குதோ, பாவம். என்ற எலும்பு கெட்டி.” அவரே சிரித்தார். சிரித்ததும் வலி வந்து முகம் சுருங்கியது. “பக்கத்தூட்டு சசிகலா இல்லீன்னா நாங்க பட்டினிதான். கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா. வாரப்பெல்லாம் கண்ணு கலங்கி நிக்கறா. பல்பு பியூஸ் போனா அவ என்ன பண்ணுவான்னு சொல்லுங்க.”

தங்கம்மா முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“டீச்சருக்கு மீட்டரக் காட்டிட்டு வாரேன்” என்று புருஷனிடம் சொன்னாள்.

வெளியே சுவரில் மீட்டர் இருந்தது. தங்கம்மா அதைப் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில், மண் இன்னும் பெயர்ந்து கிடந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றாள்.

“சொல்லு கண்ணு. எதுக்கு வந்த?”

“உங்களுக்குப் பரிசு வந்திருக்குதுங்கக்கா. மின்சாரம் மிச்சம் பிடிச்சதுக்கு.”

தங்கம்மா மூக்கால் சிரித்தாள்.

“ஊட்டப் பூட்டிட்டு ஆஸ்பத்திரில கெடந்ததுக்கா?”

ஜெஸ்லின் தரையைப் பார்த்தாள்.

“எனக்கு முன்னால அவ இருப்பாளே. வேண்டான்னுட்டாளா?”

“அக்கா...”

“ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துட்டு வேற என்ன வேலை. யோசிச்சேன். ஞாயித்துக்கெழமையானா எல்லா மீட்டரும் பாத்தமே. அவளுது மட்டும் நவுரவே மாட்டேங்கும். டி.வி.ய நிறுத்திட்டேன்னா. அவ ஊட்டு டி.வி. பங்குனியிலயே ரிப்பேரு.” தங்கம்மா குரலை உயர்த்தவில்லை. உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். “அந்த மனுசனுக்குத் தெரியாது. அவ சோறு கொண்டாறப்பெல்லாம் இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு பாக்கறேன். கொழம்ப வெச்சுட்டுப் போயிடறா.”

“நீங்களே கேட்டிருக்கலாமுங்களே.”

“நான் எதுக்குக் கேக்கோணும்?”

பனி கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. காப்பிச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன.

“உன்னையும் கேக்கல பாத்தியா” என்றாள் தங்கம்மா. “எங்கூட்டுக்கும்தான் வந்த. எங்கிட்டயும்தான் சொன்ன. எல்லா ஊட்லயும் எரியுது, உங்க ஊட்ல ஒண்ணு அணைஞ்சா என்னன்னு. எத்தன ஊட்ல சொன்ன?”

ஜெஸ்லின் எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தாள். எல்லா ஊரிலும். பயிற்சியில் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவளே கண்டுபிடித்த வாக்கியம். ஒருவரைத் தனியே பிடித்துச் சொன்னால் வேலை செய்யும் என்று கண்டிருந்தாள்.

“வாங்கிக்கறேன்” என்றாள் தங்கம்மா. “எப்ப விழா?”

“வர்ற சனிக்கிழமைங்க. மைக்குல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க.”

“பேசறேன்.”

“என்ன பேசுவீங்கக்கா?”

தங்கம்மா அதற்குள் திரும்பி நடந்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஜெஸ்லின் சசிகலாவுக்குப் போன் செய்ய நினைத்தாள். தங்கம்மாவுக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். எண்ணை எடுப்பாள், வைத்துவிடுவாள். சொன்னால் அந்தப் பேச்சு தன்னையும் சேர்த்துத்தான் போகும். வெள்ளிக்கிழமை ஒரு முறை அழைத்தாள். சசிகலாவே முந்திக்கொண்டு பேசினாள்.

“தங்கம்மாக்காவுக்குக் குடுத்துட்டீங்களாமே. நல்லதாப் போச்சுங்க டீச்சர். உங்க புண்ணியம்.”

“ஆமாங்கக்கா” என்றாள் ஜெஸ்லின். போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சமுதாயக்கூடத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தங்கம்மாவின் படம். அவள் சிரிக்காத படம்தான் கிடைத்தது. சேலத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நிதி தருகிறவர்கள். குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். காற்றாடிப் பெட்டிக்கு வண்ணத்தாள் சுற்றி மேசையில் வைத்திருந்தது. டீயும் பன்னும் கொடுத்தார்கள்.

சசிகலா மூன்றாவது வரிசையில் இருந்தாள். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று பேச்சு வரும். அவள் கணவர் வெங்கடாசலம் கடைசி வரிசையில், கதவோரம்.

ஷெர்வின் நன்றாகப் பேசினார். ஒரு வீடு மாறினால் ஓர் ஊர் மாறும் என்றார். பிறகு தங்கம்மாவை அழைத்தார். சேலத்துக்காரர் ஒருவர் பெட்டியைக் கொடுத்தார். கை தட்டினார்கள். முன் வரிசை பலமாகத் தட்டியது. ஊர்க்காரர்கள் தட்டியது அவ்வளவு கேட்கவில்லை. மாதேஷை நினைத்துத்தான் இந்தப் பரிசு என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்கம்மா” என்று ஷெர்வின் மைக்கை நீட்டினார். “எப்படி இவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?”

“ஊட்ல ஆளில்லீங்க” என்றாள் தங்கம்மா.

முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“பூட்டிட்டு ஆஸ்பத்திரில கெடந்தா ஆருக்கும் மிச்சமாகுமுங்க. இதுக்கு ஒரு பரிசு வேண்டியதில்ல. எனக்கு முன்னால ஒரு ஊடு இருக்குது. அவியளுக்கு வரவேண்டியது இது.”

ஷெர்வின் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“எந்த ஊடுன்னு டீச்சருக்குத் தெரியும். எப்படி மிச்சமாச்சுன்னும் தெரியும். டீச்சரு சொல்லட்டும்.”

மேடை ஓரத்தில் பலகையோடு நின்றிருந்த ஜெஸ்லினிடம் வந்து மைக்கைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பெட்டி மேசையிலேயே இருந்தது.

ஜெஸ்லின் மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். சசிகலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில், ஒன்றை ஒன்று பிடித்தபடி.

“வாசல் பல்பை அணைக்கச் சொன்னது நான்” என்றாள் ஜெஸ்லின்.

ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. அவள் மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

“கூட்டத்துல நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. ஏன்னும் சொன்னீங்க. நான் கேட்டுட்டு, அப்புறம் ஊடு ஊடா வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாச் சொன்னேன். எல்லாரும் போட்டிருக்காங்க, உங்களுது ஒண்ணு அணைஞ்சா ஒண்ணும் ஆகாதுன்னு.” நிறுத்தினாள். “அது என் தப்பு.”

“ஜெஸ்லின்” என்றார் ஷெர்வின், மெதுவாக.

“நீங்க சொல்லுவீங்க டீச்சர்” என்றார் சின்னத்தம்பி. இன்று அவர் குரலில் கேலி இல்லை. “சொன்னது கெடக்கட்டும். கேட்டது ஆரு?”

ஜெஸ்லின் வாயைத் திறந்தாள். பெயரைச் சொல்வதா, தெரியாது என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

சசிகலா எழுந்து நின்றாள்.

“நான்தானுங்க.”

கடைசி வரிசையில் வெங்கடாசலம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“பியூஸ் போன பல்பக் காட்டுனியே?” என்று ஒரு பெண் கேட்டாள். சந்தேகமாகக் கேட்கவில்லை. நினைவுபடுத்துவது போலக் கேட்டாள்.

“அது வேற பல்புங்க.”

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. சசிகலாவுக்கு இடப்பக்கம் இருந்தவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தாள். அதிகம் இல்லை, ஒரு சாண்.

ஷெர்வின் ஜெஸ்லின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். விழா இத்துடன் நிறைவடைகிறது, நாட்டுப்பண் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். சசிகலா ஏற்கெனவே நின்றிருந்தாள். பாட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை. முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே போனார்கள்.

சேலத்துக்காரர்கள் காரில் ஏறினார்கள். ஷெர்வின் கண்ணாடியை இறக்கினார்.

“திங்கக்கெழமை ஆபீசுக்கு வாங்க. இதை இந்த ஊர்ல மட்டும் சொல்லியிருக்க மாட்டீங்க, இல்லையா?”

“ஆமாங்க சார்.”

“எல்லா ஊர்லயும் அதையே சொல்லியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

அவர் கோபமாக இல்லை. பயந்திருந்தார். “வேற எங்கயாவது...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கார் போனது.

தலைச்சோலையில் கடைசி வீடு ஒன்று ஜெஸ்லினுக்கு நினைவு வந்தது. காட்டை ஒட்டிய வீடு. அங்கே ஓர் அம்மா சரி கண்ணு, அணைச்சிடறேன் என்று சொன்னாள். அதன் பிறகு அங்கே போகவில்லை. நாளை முதல் பஸ்ஸுக்கே தலைச்சோலை போக வேண்டும். பிறகு மற்ற ஊர்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தப் பலகை தன் கையில் இருக்குமோ இருக்காதோ. சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பலகை தேவையில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு மாதேஷ் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். பனி இறங்கியிருந்தது. பலா முடிந்துவிட்டது. ஆனால் இந்த வருடம் யாரும் அணைக்கவில்லை. பொழுது இருக்கும்போதே வாசல்களில் மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சசிகலா வாசலிலும் எரிந்தது.

சசிகலா குழம்புத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தன் வாசலைத் தாண்டியிருந்தாள். தங்கம்மா வாசலை எட்டவில்லை. பெயர்ந்த மண்ணுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஜெஸ்லின் வருவதைப் பார்த்தாள். ஜெஸ்லினும் நின்றுவிட்டாள்.

தங்கம்மா நிலைப்படியில் இருந்தாள். விழாவில் கட்டியிருந்த அதே புடவை. கதவை அடைக்கிற மாதிரி நின்றிருந்தாள்.

சசிகலா பெயர்ந்த மண்ணை மிதித்து வந்தாள். படிக்குக் கீழே நின்றாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. “ஆரு, சசிகலாவா?” மாதேஷின் குரல். அவர் விழாவுக்கு வந்திருக்கவில்லை. அவரிடம் யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. “வெளிய நிக்காத சாமி, பனி விழுகுது. இன்னிக்கு என்ன கொழம்பு?”

சசிகலா தங்கம்மாவைப் பார்த்தாள்.

தங்கம்மா வழியை விட்டு நகர்ந்து நின்றாள்.